பின்னால் அடித்தது யார்

திருவனந்தபுரத்தில் சாலைப் பாதுகாப்பு வாரம் தொடங்கிவிட்டால் விவரமுள்ளவர்கள் வண்டியை ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டு நடந்து போவார்கள். மற்ற நாட்களில் ரோட்டில் போகிறவனை லாரியும் பஸ்ஸும் மட்டும்தான் அடிக்கும். பாதுகாப்பு வாரத்தில் போலீசும் சேர்ந்துகொள்ளும். இந்த விவரம் குற்றாலலிங்கத்துக்குத் தெரியாது. அவன் தென்காசியிலிருந்து வந்து இன்னும் ஒரு ஓணம்கூடப் பார்க்கவில்லை.

அவன் வந்த கதை சின்னது. தென்காசியில் டீக்கடை வைத்தான், படுத்துவிட்டது. வாடகை சைக்கிள் கடை வைத்தான், அதுவும் படுத்தது. கோழி வளர்த்தான், படுத்த கோழிகள் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் அவன் மனைவி கோமதியம்மாளின் அண்ணன் பிச்சைக்கனி இரக்கப்பட்டார். கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் வாழைக்குலை மண்டி வைத்து ஆளானவர் அவர். சும்மா நின்றிருந்த தன் வெள்ளை அம்பாசடரை டாக்ஸியாக ஓட்டச் சொல்லி சாவியைக் கொடுத்தார். சாவியோடு ஒரு வார்த்தையும் கொடுத்தார்.

"மாப்ள, இது எனக்கு மூத்த பிள்ளை மாதிரி. இதுல ஒரே ஒரு கீறல் விழுந்துச்சுன்னு வச்சுக்கிடுங்க, அன்னைக்கே நீங்க தென்காசி பஸ் ஏறிரணும். கோமதி இங்க எங்கூட இருந்துக்கிடுவா."

பிச்சைக்கனி சொன்னால் செய்கிற ஆள். டீக்கடை இல்லாமல் குற்றாலலிங்கம் இருந்திருக்கிறான், கோழி இல்லாமல் இருந்திருக்கிறான். கோமதி இல்லாமல் இருக்க அவனால் முடியாது. அன்றிலிருந்து அந்த வண்டியைத் தன் உடம்புக்கு மேலாகப் பார்த்துக்கொண்டான். சந்துக்குள் எதிரே ஆட்டோ வந்தால் இறங்கி இரண்டுக்கும் நடுவில் போய் நின்றுகொள்வான்.

பாதுகாப்பு வாரத்தின் முதல் நாள், கிள்ளிப்பாலத்தில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். குற்றாலலிங்கம் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, கும்பிட்டு நின்றான்.

எதிரே வருகிறவன் கண் கூசாமல் இருக்க, முன்விளக்கின் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். போலீஸ்காரர் அதைத்தான் மலையாளத்தில் வேகவேகமாகச் சொன்னார். குற்றாலலிங்கத்துக்குப் பிடிபட்டது இரண்டே சொல், 'லைட்டு', 'கறுப்பு'. லைட்டில் கறுப்பு பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார் என்று ஊகித்துக்கொண்டான். இருந்தாலும் அரசாங்க விஷயம், ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்வது நல்லது என்று தோன்றியது.

"கறுப்பு அடிச்சே ஆகணுமா சார்?"

"பின்னே!" என்றார் போலீஸ்காரர். சொன்னது நன்றாகப் பதியட்டும் என்று கன்னத்தில் ஒன்றும் வைத்தார்.

அது பதிந்தது. பின்னே. அதாவது பின்பக்கம். குற்றாலலிங்கம் நேராகக் கடைக்குப் போய் ஒரு டப்பா கறுப்பு பெயிண்டும் பிரஷும் வாங்கினான். கரமனையில் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பின்னாலிருந்த இரண்டு சிவப்பு விளக்குகளுக்கும் ஒரு கோட்டிங் அடித்தான். காய்ந்ததும் இன்னொரு கோட்டிங் அடித்தான். அரசாங்கம் சொன்னதை அரைகுறையாகச் செய்யக்கூடாது என்பது அவன் கொள்கை.

கோமதி வாசலுக்கு வந்து பார்த்தாள். "ஏங்க, நீங்க பிரேக் போட்டா பின்னால வாறவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியக்கூடாதுன்னுதான் போல. சர்க்கார் சொல்லிட்டான், நமக்கு எதுக்கு?"

"சர்க்காரா சொன்னான்?"

குற்றாலலிங்கம் வீங்கிய கன்னத்தைக் காட்டினான். அதற்கு மேல் ஆதாரம் கேட்க அவளுக்கும் தோன்றவில்லை.

வாரத்தின் கடைசி நாள் காலையில் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ் வாசலில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். பின்னால் சைரன் கேட்டது. பாதுகாப்பு வார நிறைவு விழாவுக்கு மந்திரி போய்க்கொண்டிருந்தார். குற்றாலலிங்கம் பதறிப்போய், மரியாதையாக, வண்டியை மந்திரியின் காருக்கு நேர் முன்னால் ஓரம் கட்டினான். மந்திரியின் கண்ணுக்கு அம்பாசடரின் பின்பக்கம் முழுதாகத் தெரிந்தது.

அந்த மாதம் மந்திரிக்கு நேரம் சரியில்லை. போகிற ஊரெல்லாம் எதிர்க்கட்சிக்காரர்கள் கறுப்புக்கொடி காட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் காக்காயைப் பார்த்தாலே சந்தேகம் வர ஆரம்பித்திருந்தது. அவர் போகிற வழியில் கறுப்பாக எது இருந்தாலும் அப்புறப்படுத்த வேண்டும் என்று வாய்மொழி உத்தரவு இருந்தது. இங்கேயோ ஒன்றுக்கு இரண்டாக, கண்ணாடி போட்ட கறுப்பு. மந்திரியின் முகமும் அதே நிறத்துக்கு மாறியது.

ஜீப்பிலிருந்து எட்டுப் போலீஸ்காரர்கள் குதித்தார்கள். சட்டவிரோதமாகக் கூடியிருந்த ஒரே ஆள் கூட்டத்தைச் சுற்றி வளைத்தார்கள். கூட்டம் கைகூப்பியது. கலைந்து போகும்படி கூட்டத்துக்கு எச்சரிக்கை விடப்பட்டது. மலையாளத்தில் விடப்பட்டதால் கூட்டத்துக்குப் புரியவில்லை. ஆகவே தடியடி நடந்தது. முதல் அடியில் கூட்டத்தின் உதடு கிழிந்தது. இரண்டாவது அடியில் கூட்டம் உட்கார்ந்தது. உட்கார்ந்தது மறியல் என்று கருதப்பட்டதால் அடி தொடர்ந்தது. ஓடிவிட அவனுக்கும் ஆசைதான். ஆனால் விலகினால் தடி வண்டியில் படுமே என்று கதவை மறைத்து உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். வண்டியில் ஒன்றுகூடப் படவில்லை. வலியோடு வலியாக அவனுக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. புருஷோத்தமன் காத்திருந்தார். தனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. கையில் தமிழன் யாராவது கிடைத்தால் அவனிடம் பேசிப் பழகிக்கொள்வார். குற்றாலலிங்கத்தை மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு ஏட்டு நின்று, விசாரணை தொடங்குவதற்கு அடையாளமாகப் பிடரியில் ஒன்று போட்டார்.

"பறை, சொல்லு," என்றார் எஸ்.ஐ. "பின்னால அடிச்சது யாரு?"

பிடரி எரிந்துகொண்டிருந்தது. குற்றாலலிங்கம் திரும்பிப் பார்த்து, நடந்ததை நடந்தபடி சொன்னான். "இவர்தான் சார், இந்த மீசைக்காரர்."

ஏட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. கடமையில் இருக்கிற அதிகாரி மேல் பொய்ப் புகார் சொன்னதற்காக முழங்காலுக்குக் கீழே நாலைந்து வைத்தார். எஸ்.ஐ. பொறுமையாக மறுபடியும் கேட்டார். "பின்னால அடிச்சது யாரு?"

"இப்பவும் இவர்தான் சார்."

இப்படியே கொஞ்ச நேரம் போனது. கேள்வி மாறவில்லை, பதிலும் மாறவில்லை, ஏட்டுக்குத்தான் மூச்சு வாங்கியது. கடைசியில் எஸ்.ஐ. கையால் பெயிண்ட் அடிப்பதுபோல் காட்டினார். அப்போதுதான் குற்றாலலிங்கத்துக்கு உறைத்தது.

"அதுவா சார்? நான்தான் அடிச்சேன்."

உடனே தடி நின்றது. ஒருவர் தண்ணீர்கூடக் கொடுத்தார். பின்னால் அடித்தது யார் என்று கேட்டால் நான்தான் என்று சொல்ல வேண்டும், அதுதான் இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று குற்றாலலிங்கம் மனதில் குறித்துக்கொண்டான்.

எஸ்.ஐ. நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு காரியம் தெரிஞ்சுக்கோ, கேட்டோ. நான் சர்வீஸில் கேறின நாள் முதல் ஒரு மனுஷனை அடிச்சதில்லை. அடிக்கிறது ரௌடி. போலீஸ் பலம் பிரயோகம் பண்ணும். அதுவும் குறைஞ்சபட்ச பலம். இப்ப உனக்குக் கிடைச்சதெல்லாம் குறைஞ்சபட்சம். அதிகபட்சம் எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாரு, எனக்கு நீ நன்றி சொல்லுவே."

"நன்றி சார்."

"பின்னே, உன் வாயில இருந்து ரத்தம் வருது. அதில எனக்கு விஷமம் உண்டு, சங்கடம். குறைஞ்சபட்ச பலத்துக்கு எதுக்கு இத்தனை ரத்தம்? உன் ரத்தத்துக்கு ஒரு அடக்கம் இல்லை. நாளைக்குப் பேப்பர்காரன் பார்த்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பான்?"

தன் ரத்தத்தின் சார்பில் குற்றாலலிங்கம் மன்னிப்புக் கேட்டான்.

தகவல் தெரிந்து பிச்சைக்கனி வந்து சேர்ந்தார். வந்தவர் முதலில் முற்றத்தில் நின்ற வண்டியைச் சுற்றிவந்து, குனிந்து, தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார். ஒரு கண் மூடி, உதடு தொங்கி நின்ற தங்கை புருஷனைப் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்ல," என்றார் நிம்மதியாக. "நல்லவேளை மாப்ள."

குற்றாலலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் திக்கித் திக்கிச் சொன்னதையெல்லாம் கேட்டதும் பிச்சைக்கனி தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த ஊரில் பாதி வயதைக் கழித்தவர், அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. எஸ்.ஐ.யிடம் திரும்பினார்.

"சாரே, இது வார்த்தைல வந்த தப்பு. மலையாளத்துல 'பின்னே'ன்னா 'பின்ன வேற என்ன, கண்டிப்பா'ன்னு அர்த்தம். நம்ம தமிழ்ல 'பின்னே'ன்னா பின்னாடி. கிள்ளிப்பாலத்துல நின்ன சாரு 'பின்னே'ன்னு சொல்லியிருக்காரு. எங்க மாப்ள அதைக் கேட்டுப் பின்னாடி போய் அடிச்சிட்டாரு. அவ்வளவுதான் சாரே."

எஸ்.ஐ. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என் தாய் பேசின பாஷை. அதில ஒரு நல்ல வார்த்தை. அதை இவன் கொண்டுபோய் ஒரு டாக்ஸியோட பின்பக்கத்தில வச்சுக் கறுப்பு அடிச்சிருக்கான். மந்திரியை அவமானிச்சது நான் க்ஷமிப்பேன். மந்திரி நாளைக்கு மாறும். பாஷை மாறுமோ?"

பாஷைக்காகவும் குறைஞ்சபட்ச பலம் பிரயோகிக்கப்பட்டது. தாய்மொழிப் பற்றில் எஸ்.ஐ. தாமே இறங்கி வந்து பிரயோகித்தார். ஒரு பல் மேசைக்கு அடியில் உருண்டது. பிறகு முறைப்படி கிள்ளிப்பாலத்துப் போலீஸ்காரரை வரவழைத்து, 'பின்னே' என்று சொன்னது உண்டா என்று கேட்டார்கள். அவர் விறைப்பாக நின்று மறுத்தார்.

"நான் ஒண்ணும் பேசவே இல்லை சாரே. கையை மட்டும்தான் உபயோகிச்சேன். டியூட்டி சமயத்தில் பொதுஜனத்தோடு பேசுற பழக்கம் எனக்கில்லை."

"கேட்டாயா, இதுதான் சாட்சி," என்றார் எஸ்.ஐ. பெருமையாக.

மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. விளக்கிலேயே கறுப்புக்கொடி காட்டிய வீரத் தமிழன் ஒருவன் லாக்கப்பில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு எதிர்க்கட்சி மகளிர் அணித் தலைவி ராஜபாய் ஊர்வலத்தோடு வந்தாள். எல்லையோரப் பாறசாலைக்காரி, தமிழும் மலையாளமும் இரண்டும் தொண்டை கிழிய வரும். ஸ்டேஷன் வாசலில் ஒரு ஸ்டூல் மேல் ஏறினாள்.

"நாங்க அகிம்சைக்காரங்க! எங்க தொண்டன் ஒருத்தன் கையில கல்லு இருந்தா, அது அவன் மனசு கல்லாகிப்போனதுக்கு அடையாளம்! அந்த மனசை அவன் எங்க எறிஞ்சாலும் அது கருத்துச் சுதந்திரம்!"

கருத்துகள் வந்து விழ ஆரம்பித்தன. முதல் கருத்து ஸ்டேஷன் ஜன்னலை உடைத்தது. இரண்டாவது அம்பாசடரின் டயர் ஓரம் விழுந்தது. குற்றாலலிங்கம் கம்பி வழியாக அதைப் பார்த்தான். அவனுக்குத் தென்காசி பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது. கோமதியின் முகம் தெரிந்தது. பூட்ட மறந்திருந்த கதவைத் திறந்து, தடுத்த ஏட்டைத் தள்ளிவிட்டு, நொண்டி நொண்டி முற்றத்துக்கு ஓடி, வண்டியின் முன்கண்ணாடி மேல் குப்புற விழுந்து கையை விரித்துக்கொண்டான். அதன்பின் வந்த கற்களெல்லாம் அவன் முதுகில் விழுந்தன. சத்தம் மட்டும் கேட்டது, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

தப்பி ஓடிய கைதி என்று போலீஸ் ஒரு காலைப் பிடித்து இழுத்தது. மீட்கப்பட்ட தியாகி என்று கட்சி ஒரு கையைப் பிடித்து இழுத்தது. இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்காததால் தோள்பட்டை விட்டுக்கொடுத்தது. அதைக் கழன்றபடியே வைத்து மாலை போட்டார்கள். போட்டோகிராபர் கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"காய்ஞ்சு போச்சே அம்மா. படத்துல ரத்தம் தெரியாது."

ராஜபாய் குனிந்து குற்றாலலிங்கத்தின் முகத்தை அக்கறையோடு பார்த்தாள். "சகோதரா, போலீஸ் உங்களை இவ்வளவுதானா அடிச்சது? ஜனங்க நம்பணும்லா? ஏய், சகோதரனுக்கு மூக்குல லேசா ஒண்ணு குடு."

ஒரு தொண்டர் கொடுத்தார். படம் நன்றாக வந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

மாலைக்குள் மேலிடங்கள் போனில் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. தடியடி நடக்கவே இல்லை என்று அரசு அறிவிக்கும். நடந்த தடியடியை முறியடித்துவிட்டோம் என்று எதிர்க்கட்சி அறிவிக்கும். இரண்டு அறிவிப்பிலும் குற்றாலலிங்கத்துக்கு இடமில்லாததால் அவனைப் போகச் சொல்லிவிட்டார்கள். ராஜபாய் மாலையைக் கழற்றிக்கொண்டு போனாள், அடுத்த ஊரில் ஒரு தியாகி காத்திருந்தான்.

"அப்ப அந்தக் கறுப்பைச் சுரண்டிரட்டுமா சார்?" என்று குற்றாலலிங்கம் கேட்டான். இருட்டத் தொடங்கியிருந்தது, தூறலும் போட்டது.

எஸ்.ஐ.க்குத் தூக்கிவாரிப் போட்டது. "சுரண்டறதா? அது தடயம்! கேஸ் முடியறவரை ஒரு பொட்டு பெயிண்ட் உதிரக்கூடாது. உதிர்ந்தால் தடயத்தை அழிச்ச குற்றம், அதுக்கு வேற பிரயோகம் உண்டு."

பிச்சைக்கனி தயங்கித் தயங்கிக் குறுக்கிட்டார். "சாரே, பின்லைட் இல்லாம ராத்திரில போனா பின்னால வாறவன் வந்து மோதிருவானே. வண்டி காலைவரை இங்கயே கிடக்கட்டுமே."

"இவிடெ இடமில்லை. நாளைக்கு நிறைவு விழாப் பந்தலை இங்கேதான் பிரிச்சுப் போடணும்." எஸ்.ஐ. சற்று யோசித்தார். மனசு இளகியது. "பயப்படவேண்டாம். இது பாதுகாப்பு வாரம். உன் வண்டிக்குப் பின்னால நானே ஜீப்பில் வர்றேன். வேற வண்டி ஒண்ணும் உன்னை நெருங்காது."

அப்படியே புறப்பட்டார்கள். முதலில், பின்விளக்கு தெரியாத அம்பாசடர். கழன்ற தோளோடு ஒரு கையால் குற்றாலலிங்கம் ஓட்டினான், பக்கத்தில் பிச்சைக்கனி. பின்னால் போலீஸ் ஜீப். பொதுமக்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பதற்காக ஜீப்பின் முன்விளக்குகளில் எஸ்.ஐ. தாராளமாகவே கறுப்பு அடிக்கச் சொல்லியிருந்தார். பொட்டு என்று ஆரம்பித்தது கண்ணாடி முழுக்கப் பரவி, ஓரத்தில் கீற்றாகக் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது. வண்டி எங்கே இருக்கிறது என்று ஜீப்புக்குத் தெரியவில்லை. தெரியாததால் தொலைந்துவிடக்கூடாதே என்று இன்னும் ஒட்டி வந்தது.

கிள்ளிப்பாலம் வந்தது. அதே போலீஸ்காரர் டியூட்டிக்குத் திரும்பியிருந்தார். வாரம் முடிய இன்னும் நேரமிருந்தது. விளக்கைச் சோதிப்பதற்காக நடுரோட்டுக்கு வந்து கையைக் காட்டினார்.

குற்றாலலிங்கம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு பிரேக்கை மிதித்தான். பின்னால் சிவப்பாக ஒன்றும் எரியவில்லை.

இடி இறங்கினதுபோல் இருந்தது. ஜீப் டிக்கியைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்து, பின்சீட்டை முன்சீட்டோடு சேர்த்தது. அம்பாசடர் பாலத்துக் கைப்பிடியில் முட்டி, முகத்தையும் சுருக்கிக்கொண்டு நின்றது. குற்றாலலிங்கத்தின் நெற்றி ஸ்டியரிங்கில் மோதி உடைந்தது. பிச்சைக்கனியின் கை கதவுக்கும் கம்பிக்கும் நடுவில் நசுங்கியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஊர்ந்து வெளியே வந்தார்கள். கூட்டம் கூடிவிட்டது.

மூத்த பிள்ளை கிடந்த கிடையைப் பார்த்து பிச்சைக்கனி வாய்விட்டு அழுதார். குற்றாலலிங்கம் அழவில்லை. நாள் முழுக்க உடம்பைக் கொடுத்துக் காப்பாற்றிய வண்டி. எல்லாம் முடிந்தது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கோமதியிடம் என்ன சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தான்.

மூக்கில் ரத்தம் ஒழுக எஸ்.ஐ. ஜீப்பிலிருந்து இறங்கினார். அவருடைய ரத்தமும் அடக்கமாக இல்லை. சுற்றி நின்ற ஜனங்களைப் பார்த்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பின்னால அடிச்சது யாரு?"

"சாரே, உங்க ஜீப்புதானே வந்து..." என்று பிச்சைக்கனி வாயைத் திறந்தார். அவர் காதில் குறைஞ்சபட்ச பலம் இறங்கியது. ஊரில் இத்தனை காலம் மரியாதையாக வாழ்ந்தவர், அடி வாங்கிப் பழக்கமில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எஸ்.ஐ. குற்றாலலிங்கத்திடம் திரும்பினார். அவனுக்குப் பாடம் மனப்பாடமாகியிருந்தது.

"நான்தான் சார் அடிச்சேன்."

"நல்லது," என்றார் எஸ்.ஐ. பிறகு தரையில் இருந்தவரைப் பார்த்துக் குனிந்தார். "நீதானே வண்டியோட உடமஸ்தன்? வண்டிக்கு ஏதாவது பற்றியிருக்கா, சேதம் உண்டா? ஒரு கீறல் இருந்தாலும் சொல்லு. இருந்தால் கேஸ் எழுதணும். கேஸ் எழுதணும்னா ரெண்டு பேரும் திரும்ப ஸ்டேஷனுக்கு வரணும்."

மீசைக்கார ஏட்டு ஜீப்புக்குள்ளிருந்து தடியைத் தேடி எடுத்தார்.

பிச்சைக்கனி தலையைத் தூக்கிப் பார்த்தார். அம்பாசடரின் பின்பாதி இருந்த இடத்தில் ஜீப் இருந்தது. ஒரு சக்கரம் தனியாக வாய்க்கால் பக்கம் கிடந்தது. ரேடியேட்டரிலிருந்து ஆவி பறந்தது. அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஒரு கீறல் இல்ல சாரே."

குற்றாலலிங்கம் அதைக் கேட்டான். முதலில் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. வண்டியின் சொந்தக்காரர், ஊர் பார்க்க, அரசாங்கத்துக்கு முன்னால், தன் வாயால் சொல்லிவிட்டார், கீறல் இல்லை என்று. கீறல் இல்லையென்றால் தென்காசி பஸ் இல்லை. கோமதி சோறு வடித்து வைத்துக் காத்துக்கொண்டிருப்பாள். உடைந்த நெற்றிக்குக் கீழே, கிழிந்த உதட்டில், அவனுக்கு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"உறுதியாச் சொல்லணும்," என்றார் எஸ்.ஐ. "ஒரு கீறல்கூட இல்லையா?"

பிச்சைக்கனி வாயைத் திறப்பதற்குள் குற்றாலலிங்கம் முந்திக்கொண்டான். போன பல்லின் வழியாகக் காற்று வந்தாலும் சொல் சுத்தமான மலையாளமாக வந்தது.

"பின்னே!"